எஸ்ஆர்400 கஃபே ரேசர்: டேங்க் கிடக்கட்டும், ஃபுட்ரெஸ்ட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

யமஹா எஸ்ஆர்400 ஒன்றைப் பட்டறையில் கொடுத்து, கஃபே ரேசராக, அதாவது தாழ்ந்த ஹேண்டிலும் ஒற்றை சீட்டும் உள்ள பந்தயத் தோற்ற வண்டியாக மாற்றி வாங்கி, வெயில் மழை இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வண்டியைப் பார்ப்பவர்கள் டேங்க்கின் வளைவைப் பற்றிக் கேட்கிறார்கள், சீட்டின் திமிலைத் தடவிப் பார்க்கிறார்கள், ஒருமுறை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிச் சத்தம் கேட்கிறார்கள். ஓட்ட எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. மாற்றுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

இந்த வகை வண்டிகள் பிறந்தது வேகத்துக்காக. லண்டனில் 1938-ல் திறந்த ஏஸ் கஃபே மாதிரியான இடங்களில் ஐம்பது, அறுபதுகளின் இளைஞர்கள் கூடினார்கள். மணிக்கு 100 மைல், அதாவது 160 கி.மீ., தொடுவதுதான் அவர்களுக்குக் கௌரவம். நார்ட்டனின் ஃபெதர்பெட் பிரேம் வளைவில் அசையாமல் நிற்கும்; டிரையம்ஃபின் இரட்டை சிலிண்டர் எஞ்சினுக்குப் பிக்கப் அதிகம். இரண்டையும் சேர்த்து ட்ரைட்டன் என்று ஒரு வண்டியைக் கட்டினார்கள். ஹேண்டில்பாரை இறக்கினால் காற்று குறைவாக அடிக்கும், ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ளி மேலே ஏற்றினால் வளைவில் தரையில் உரசாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் இருந்தது. இன்றைக்குப் பல பட்டறைகள் அந்தத் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

எஸ்ஆர் இதற்குத் தோதான வண்டி. ஒற்றை சிலிண்டர், ஏர் கூலிங், ஒல்லியான பிரேம். 1978-ல் எஸ்ஆர்500-உடன் வந்தது. இரண்டுக்கும் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், ஒன்றுதான், 87 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரமான ஸ்ட்ரோக் மட்டும் 500-க்கு 84, 400-க்கு 67.2. அதனால் 400 கொஞ்சம் துள்ளலாகச் சுற்றும். என்னுடையது 2001-க்குப் பிறகு வந்த, முன்னால் டிஸ்க் பிரேக் உள்ள கார்புரேட்டர் மாடல். ஒரு எச்சரிக்கை: இந்த வண்டியின் எஞ்சின் ஆயில் பிரேம் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. இது தெரியாத ஆளிடம் வெல்டிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, உட்காரும் விதத்துக்கு வருகிறேன். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் குழாய்களிலேயே தாழ்வாக மாட்டும் கிளிப்-ஆன் ஹேண்டில் போட்டால் உடம்பு முன்னால் சாய்கிறது. அந்தப் பாரத்தை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி. ஃபுட்ரெஸ்ட் பழைய இடத்திலேயே இருந்தால் கால் முன்னால் நீண்டு, இடுப்பு பின்னால் மடிந்து, மொத்தப் பாரமும் மணிக்கட்டில் இறங்கும். அப்படி மாற்றிய வண்டிகளை ஓட்டியிருக்கிறேன். அரை மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப் போகும். ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்கும் மேலுக்கும் தள்ளினால் பாதம் இடுப்புக்கு நேர் கீழே வருகிறது. முழங்கால் டேங்க்கைப் பிடிக்கிறது. பாரத்தைத் தொடையும் வயிறும் எடுத்துக்கொள்கின்றன, கைக்கு வழிகாட்டும் வேலை மட்டும் மிஞ்சுகிறது. என் பட்டறைக்காரர் இதைச் சரியாகச் செய்தார். மாற்றிய வண்டியை யாராவது காட்டினால் ஏறி உட்கார்ந்து, கால்களை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, ஓட்டும்போது போலக் குனிந்து, கையை மட்டும் ஹேண்டிலிலிருந்து எடுத்துப் பாருங்கள். வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். உடம்பு நின்றால் நல்ல மாற்றம். முன்னால் விழுந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் நகர நெரிசலில் மணிக்கட்டு வலிக்கத்தான் செய்கிறது. இந்த உட்காரும் விதமே காற்றை நம்பிச் செய்யப்பட்டது. நெடுஞ்சாலையில் 80 கி.மீ. தாண்டும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கித் தூக்குகிறது. தோள் தளர்கிறது, கை லேசாகிறது, வண்டியோடு உடம்பு ஒட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில் இந்த வண்டிமேல் எனக்கு இருக்கும் பிரியத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. வேகம் 30-க்கு இறங்கினால் காற்று இல்லை, பாரம் திரும்பக் கைக்கு வருகிறது. தினமும் சிக்னல் சிக்னலாக நின்று வேலைக்குப் போகிறவர் என்றால் கிளிப்-ஆன் வேண்டாம். ஃபோர்க்கை மேலே பிடிக்கும் கிளாம்ப்பிலேயே பொருத்தக்கூடிய, கொஞ்சம் தாழ்வான நேர் ஹேண்டில் போதும்.

ரியர்செட், அதாவது பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட், போட்டதில் இந்த வண்டிக்கே உரிய ஒரு சிக்கல் வந்தது. எஸ்ஆரில் செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, கிக்கர் மட்டும்தான். இடது கையால், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் சின்னக் கண்ணாடி ஜன்னலைப் பார்க்க வேண்டும். அதில் குறி தெரிந்ததும் லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் கடைசிவரை மிதிக்க வேண்டும். பின்னுக்குத் தள்ளிய வலது ஃபுட்ரெஸ்ட் அந்தக் கடைசிப் பாதையில் குறுக்கே நின்றது. கிக்கர் அதில் இடித்து, மிதி பாதியில் நின்றுபோகும், எஞ்சின் பிடிக்காது. மடங்கும் ஃபுட்ரெஸ்ட் போட்ட பிறகுதான் தீர்ந்தது. இப்போது கிக் அடிக்கும் முன் பாதத்தால் அதை மடக்குவது தானாகவே வருகிறது. எஸ்ஆரை மாற்றுகிறவர்கள் ரியர்செட் வாங்கும்போதே மடங்குமா என்று கேட்டுவிடுங்கள்.

முன்பக்கம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. பட்டறையில் ஃபோர்க் குழாய்களைக் கிளாம்ப்பில் 20 மி.மீ. மேலே ஏற்றி முன்னால் தாழ்த்தியிருந்தார்கள்; பின்னால் கொஞ்சம் நீளமான ஷாக். இரண்டும் சேர்ந்து ஃபோர்க்கின் சாய்வைக் குறைத்துவிட்டன. மலைப்பாதையில் நினைத்தவுடன் வளைகிறது, அதில் சந்தோஷம்தான். ஆனால் மேடு பள்ளமான சாலையில் வேகமாகப் போகும்போது ஹேண்டில் லேசாக உதறியது. குழாயை 10 மி.மீ. கீழே இறக்கியதும் உதறல் நின்றது, வளைவில் திரும்பும் சுறுசுறுப்பில் பெரிய குறை தெரியவில்லை. ஓட்டுபவரின் பாரம் முன்னால் வந்துவிட்டதால் பிரேக் பிடித்தால் ஃபோர்க் ஆழமாக அமுங்குகிறது. பழைய ஸ்பிரிங்கையே விட்டிருக்கிறார்கள். கிளிப்-ஆன் குறுகலானது என்பதால் நெம்பும் பலமும் குறைவு, மெதுவாகப் போகையில் வண்டி கனமாகத் தெரியும். முழு லாக் திருப்பினால் கை டேங்க்கில் இடிக்கும். குறுகிய சந்தில் யூ-டர்ன் போட இடம் பார்த்துத்தான் திரும்ப வேண்டும்.

எனக்கும் பட்டறைக்கும் வாக்குவாதம் வந்தது ஏர் ஃபில்டரில். சீட்டுக்குக் கீழே முக்கோணம் காலியாகத் தெரிந்தால்தான் கஃபே ரேசர் என்று, ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர்பாக்ஸைக் கழற்றி, கூம்பு வடிவ பாட் ஃபில்டர் மாட்டிக் கொடுத்தார்கள். இந்த மாடலில் இருப்பது வேக்குவம் கார்புரேட்டர். உள்ளே இருக்கும் ஸ்லைடைத் தூக்குவது கேபிள் இல்லை, காற்றழுத்த வேறுபாடு. ஏர்பாக்ஸ் அதற்குச் சலனமில்லாத காற்றைக் கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் த்ராட்டிலைக் கால் பங்கிலிருந்து பாதி வரை திருகும்போது எஞ்சின் தயங்கும். பக்கக் காற்று அடித்தால் இன்னும் மோசம். பெட்ரோல் அதிகம் போக, கார்புரேட்டரில் பெரிய மெயின் ஜெட் போட்டார்கள், ஊசியை ஏற்றினார்கள். முழு த்ராட்டிலில் சரியானது, நடுவில் தயக்கம் போகவில்லை. நாம் பெரும்பாலும் ஓட்டுவதே அந்த நடுப் பகுதியில்தானே? கடைசியில் பழைய ஏர்பாக்ஸையும் ஜெட்டையும் திரும்பப் போட வைத்தேன். முக்கோணம் அடைபட்டது. டுப்பு டுப்பு என்று கீழிருந்து ஒரே சீராக இழுக்கும் அந்த எஞ்சின் திரும்பக் கிடைத்தது. ஒற்றை சிலிண்டரை விரும்பி வாங்குவதே அந்த இழுவைக்காகத்தான்.

கிக்கர் மட்டும் என்பதால் பேட்டரியையே எடுத்துவிட்டு, மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் மட்டும் தேக்கும் கெப்பாசிட்டர் வைக்கும் வழக்கமும் எஸ்ஆரில் உண்டு. ஓடும், ஆனால் இரவில் எஞ்சின் நின்றால் விளக்கும் சேர்ந்து அணையும். பின்னால் லாரி வரும் சாலையில் அந்த ஆபத்து தேவையில்லை. சீட்டின் திமிலுக்குள் அடங்கும் சின்ன பேட்டரியை வைக்கச் சொன்னேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின் மட்கார்டை வெட்டியதால் மழையில் முதுகு முழுக்கச் சேறு. சீட் ஃபோம் மெல்லியது. நீண்ட பயணத்தில் அடிக்கடி இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது. பின்னால் ஆள் உட்கார முடியாது. பட்டறைக்காரர் பரிந்துரைத்த, பழங்காலத் தோற்றம் தரும் கட்டை டயரை மறுத்துவிட்டு 18 அங்குலச் சக்கரங்களுக்குச் சாதாரண நல்ல டயர் போட்டேன். ஈரச் சாலையில் அந்த முடிவுக்குப் பலன் தெரிகிறது. வெல்டிங், பெயின்ட், ஒயரிங் எல்லாமே சுத்தமான வேலை. மழையில் நனைந்தும் மின்சாரத்தில் ஒரு குறை வரவில்லை.

இந்தப் பட்டறையை நண்பர்களுக்குச் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: ஏர்பாக்ஸ், மட்கார்டு, ஃபோர்க் உயரம் மூன்றிலும் என்ன வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு இன்னும் பாக்கியிருப்பது ஃபோர்க் ஸ்பிரிங். கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஆயிலும் போடப் போகிறேன். சீட் ஃபோம் அதற்கு அப்புறம்.