எலும்பைக் கேட்பதா, ஆளைக் கேட்பதா? ஆவணமற்ற இளையோரின் வயது நிர்ணயம்

பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் எல்லையைக் கடந்து வந்த ஒருவர் தமக்குப் பதினாறு வயது என்கிறார்; விசாரிக்கும் அதிகாரிக்கோ அவர் இருபதைத் தாண்டியவராகத் தோன்றுகிறார். குழந்தைகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 18 வயது நிரம்பாதவரைப் பொதுவாகக் குழந்தை என்று வரையறுப்பதால், அவருக்குக் காப்பாளர் அமர்த்தப்படுவாரா, பள்ளியில் இடம் கிடைக்குமா, பெரியவர்களோடு முகாமில் அடைக்கப்படுவாரா என்பதெல்லாம் அந்த ஓர் எண்ணில் தொங்குகின்றன. அதைக் கண்டறிய நாடுகள் கையாளும் வழிகளுள் ஒன்று உடலை அளப்பது. மற்றொன்று ஆளை உட்கார வைத்துப் பேசுவது. இரண்டும் தவறக்கூடியவை என்பதால், எது எந்தப் பக்கம் தவறுகிறது என்று பார்ப்பதே பயன்தரும்.

உடலை அளக்கும் முறைகளில் பழையது இடக்கை மணிக்கட்டின் எக்ஸ்ரே. எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் எவ்வளவு மூடியிருக்கின்றன என்பதை கிரூலிக், பைல் ஆகியோரின் படத்தொகுப்போடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். 1959இல் இரண்டாம் பதிப்பு கண்ட அத்தொகுப்புக்கு அடிப்படை, 1930களிலிருந்து அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் படம்பிடிக்கப்பட்ட வசதியான வெள்ளையினக் குழந்தைகளின் கைகள். வயது தெரிந்த குழந்தையின் வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பிறந்த கருவியைத் தலைகீழாகப் பிடித்து, வளர்ச்சியிலிருந்து வயதைச் சொல்லச் சொல்கிறோம். ஆண்களுக்கான கடைசிப் படம் 19 வயதுக்குரியது. ஆனால் 17 வயதிலேயே கை எலும்பு முழுமையடைந்துவிடும் பையன்கள் உண்டு. அவர்களைப் பெரியவர்கள் என்று முத்திரை குத்திவிடும் அபாயம் இம்முறையோடு கூடவே வருகிறது.

வயதைக் கணிக்கப் பார்க்கப்படும் ஞானப்பல்லின் வேர் வளர்ச்சியும் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு அந்தப் பல்லே முளைப்பதில்லை. ஸ்வீடன் 2017 முதல் அதனோடு முழங்காலின் எம்.ஆர்.ஐ. படத்தையும் சேர்த்துப் பார்த்தது. கதிர்வீச்சு குறைந்ததே தவிர, விமர்சனம் குறையவில்லை. இவற்றுள் தனித்து நிற்பது காறை எலும்பின் சி.டி. ஸ்கேன். அதன் உள்முனை உடலிலேயே கடைசியாக மூடுவது என்பதால், முழுவதும் மூடியிருந்தால் அந்த நபர் 18ஐக் கடந்துவிட்டார் என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். மூடாமலிருந்தால் அதிலிருந்து அதிகம் சொல்ல முடியாது. கதிர்வீச்சும் மணிக்கட்டு எக்ஸ்ரேயைவிடப் பன்மடங்கு கூடுதல்.

பேச்சுவழி முறைக்கு நன்கு வகுக்கப்பட்ட வடிவம் இங்கிலாந்தில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மெர்ட்டன் வழக்கின் தீர்ப்பு, தோற்றத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, குடும்பம், கல்வி, பயணம் ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும், பாதகமான ஐயம் எழுந்தால் அதற்கு விளக்கம் தர வாய்ப்பளிக்க வேண்டும் என்றது. பயிற்சி பெற்ற இரு சமூகப் பணியாளர்கள் அமர்வதும் அங்கே நிலைத்த நடைமுறை. இம்முறையின் பலவீனம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ஆப்கானிய இளைஞர் ஒருவர் 1384ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிறந்ததாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய சூரிய ஆண்டு மார்ச்சில் தொடங்குவதால், அந்தக் குளிர்காலத்தின் பெரும்பகுதி 2006இல் விழுகிறது. அவசரத்தில் இரு நாட்காட்டிகளுக்கும் இடையிலான வித்தியாசமாக 621ஐக் கூட்டி 2005 என்று எழுதி, மாதம் தெரியாததால் ஜனவரி 1 என்றும் போட்டுவிட்டால், ஏறத்தாழ ஓராண்டு முன்னதாகவே அவர் பெரியவராகிவிடுவார். பிந்தைய நேர்காணலில் அவர் சரியாகச் சொல்லும்போது, அதுவே முரண்பாடாகப் பதிவாகும்.

ஆயினும் பேச்சுவழியைத்தான் நான் முன்வைப்பேன். பேச்சில் நேர்ந்த தவறு குறிப்பேட்டில் கிடக்கிறது. வழக்கறிஞர் அதைத் தோண்டியெடுத்து எதிர்க்கலாம். எக்ஸ்ரே அறிக்கையின் பிழை வரம்பையோ, அதாவது சொன்ன வயது எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதையோ, மருத்துவர் எழுதினால்தான் மற்றவர் அறிவர். பிரான்ஸ் அரசியலமைப்பு மன்றம் 2019இல் எலும்புச் சோதனையை ஏற்றபோதும், நீதித்துறை அனுமதியும் இளையோரின் சம்மதமும் வேண்டும், அதன் முடிவு மட்டுமே போதாது, ஐயத்தின் பலன் அவருக்கே என்ற வரம்புகளைச் சுட்டியது. காறை எலும்பின் ஸ்கேனையும் இப்படி, கடைசிப் படியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைகள் விடுதியில் பெரியவர் ஒருவர் தங்கிவிடுவாரே என்ற கவலை நியாயமானது. மேற்பார்வையாலும் தனி அறையாலும் அதைச் சமாளிக்க வழியுண்டு. எதிர்த்திசைத் தவறுக்கு அப்படி எளிய மாற்று இல்லை. 2016இல் இத்தாலிக்கு வந்த காம்பியா நாட்டு இளைஞர் ஒருவரின் மணிக்கட்டு எக்ஸ்ரே அவரை 18 வயதினராகக் காட்டியது. அறிக்கையில் பிழை வரம்பு குறிக்கப்படவில்லை. நான்கு மாதங்களுக்கு மேல் அவர் பெரியவர்களுக்கான நெரிசலான மையத்தில் இருந்தார். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது 2022 ஜூலையில். அப்போது அவர் தம் கணக்கின்படியே இருபதைத் தாண்டியிருந்தார்.