கோதுமையில் சின்டோஃபென்: ஒரு பருவம் தெளித்துப் பார்த்த பிறகு

கோதுமைப் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே உமிக்குள் இருக்கின்றன, நாம் பூவைப் பார்ப்பதற்குள் தன்மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். வீரிய ஒட்டு விதை வேண்டுமென்றால் மகரந்தப்பையை நீக்கியாக வேண்டும். இடுக்கி வைத்துப் பத்துக் கதிருக்குச் செய்யலாம், ஒரு வயலுக்கு முடியாது. மகரந்தம் உருவாகாமல் தடுத்து அந்த வேலையைத்தான் சின்டோஃபென் என்ற இந்தத் தெளிப்பு மருந்து செய்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேகம். தாய்வழியாக வரும் மரபுக் காரணியால் மகரந்தத்தை மலடாக்கும் சைட்டோபிளாச ஆண்மலட்டு முறையில் ஏ (மலட்டு வழி), பி (அதைப் பெருக்க உதவும் வழி), ஆர் (வளத்தை மீட்கும் வழி) என்று மூன்று வழிகளைப் பராமரிக்க வேண்டும், ஒரு நல்ல ரகத்தை மலடாக்கவே ஆறேழு தலைமுறை பின்கலப்பு, அதாவது அதே ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலப்பு, செய்ய வேண்டும். இங்கே கையில் இருக்கும் ரகத்தை இந்தப் பருவத்திலேயே பெண்ணாக்கிவிடலாம். மரபணுவில் எதுவும் மாறாததால் பிறக்கும் கலப்பினம் தானாகவே வளமாக இருக்கும், வளமீட்பு மரபணுவைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் நாள் தவறினால் எல்லாம் போச்சு. மகரந்தத்தை உருவாக்கும் தாய்ச்செல்கள் பிரிவதற்கு முன்பே தெளித்தாக வேண்டும், அதனால் தினமும் தண்டைப் பிளந்து, உள்ளே சென்டிமீட்டர் கணக்கில் இருக்கும் இளங்கதிரை அளந்துகொண்டே இருந்தேன். சரியான நாள் வந்தபோது மழை. இரண்டு நாள் கழித்துத்தான் தெளிக்க முடிந்தது. வெளி மகரந்தம் புகாதபடி சோதனைக்காக உறை மாட்டிய கதிர்களைப் பிரித்தபோது தாய்த்தண்டுக் கதிர்களில் ஓரிரு மணிதான், நல்ல மலடு. அப்புறம் தாமதமாக வந்த தூர்களை (பக்கத் தண்டுகளை) பார்த்தால் கதிர் நிறைய மணி! அத்தனையும் சுயவிதை, அறுவடையில் கலந்தால் விதையின் தூய்மையே கெட்டுவிடும். அன்று உண்மையிலேயே மனசு உடைந்துவிட்டது.

அளவைக் கூட்டினால் தூர்களும் மலடாகுமே என்று நினைக்காதீர்கள், சூலகமும் அடிபட்டு மணி பிடிப்பது குறைந்துவிடும். ரகத்துக்கு ரகம் தாங்கும் அளவும் வேறு. இதே வேலைக்குத் தெளித்துப் பார்த்த இன்னொரு மருந்தான எத்ரெல்லோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல், அதைத் தெளித்தால் கதிர் இலையுறையை விட்டு முழுதாக வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். சீனாவில் ஒரு காலத்தில் இதே வேலைக்காக நெல்லுக்கு ஆர்சனிக் சேர்மங்களையே தெளித்திருக்கிறார்கள், அதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

மலடான பூக்கள் மகரந்தத்துக்காக வாய் திறந்தபடி நிற்கும் காட்சி அழகு, ஆனால் பக்கத்து ஆண் வரிசை அதே நாட்களில் பூக்காவிட்டால் பயனில்லை.

சோதனைக் கலப்புகளுக்குத் தயங்காமல் வாங்கலாம். பெரிய விதை வயலுக்கு, பயிர் ஒரே சீராக வந்தால் மட்டும். அடுத்த பருவம் நெருக்கி விதைத்து, தூர் கட்டுவதைக் குறைத்துவிட்டுத்தான் தெளிப்பானைத் தூக்குவேன்.