கோல்ட்பிஷ்ஷுக்கு இரண்டடித் தொட்டியா, மூன்றடித் தொட்டியா?

கோல்ட்பிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரை அதற்குச் சுகம். கொழும்பில் ஏசி இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் பகலில் 28, 29 வரை போகும். 20 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீரில் 9 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் கரைந்திருக்கும். 30 பாகையில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவைப்படும் ஒட்சிசனும் கூடும், அது கழிக்கும் அமோனியாவின் நச்சும் கூடும். ஆகவே வெளிநாட்டு வீடியோக்களில் போதும் என்று சொல்கிற தொட்டி அளவு இங்கே தொடக்கம் மட்டும்தான்.

கண்ணாடிக் கோளத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 8 அங்குல விட்டமுள்ளதை விளிம்பு வரை நிரப்பினாலும் 4 லீற்றர் சொச்சம்தான். மேலே வாய் குறுகுவதால் காற்றுப் படுகிற பரப்பும் சுருங்கும், பில்டர் வைக்கவும் இடமில்லை. பிறந்தநாளுக்கு இதை மீனோடு வாங்கி வருகிற மாமாமார் தயவுசெய்து ஒரு சைக்கிளோ கரம் போர்டோ வாங்கிக் கொடுங்கள்.

மேசை மூலையில் வடிவாக நிற்கும் உயரத் தொட்டி கொஞ்சம் ஏமாற்றுகிற சாமான். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரம். 40 லீற்றருக்கு மேல் பிடிக்கும் என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் மேற்பரப்பு 144 சதுர அங்குலம்தான். ஒட்சிசன் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே இறங்க வேண்டும். நீந்துவதற்கும் நீளம் வேண்டும். உயரத்துக்குக் கொடுக்கிற காசு அநேகமாகக் கண்ணாடிக்கும் உங்கள் கண்ணுக்கும்தான்.

உண்மையான போட்டி இரண்டடிக்கும் மூன்றடிக்கும் இடையில். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி வீடுகளில் பெரும்பாலும் இரண்டடிதான் நிற்கிறது: 24 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் 61 லீற்றர். ஒரண்டா, பிளாக் மோர் போன்ற குண்டு உடல் கோல்ட்பிஷ் வகைகளுக்குப் பொதுவாகச் சொல்கிற கணக்கு முதல் மீனுக்கு 75 லீற்றர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 38. அதன்படி இரண்டடியில் ஒரு மீனுக்கே தண்ணீர் காணாது. நம்மவர்களோ நாலு விடுவார்கள். வாங்கும்போது இரண்டு அங்குலம்தானே என்பார்கள். ஒழுங்காக வளர்ந்தால் அது 15 சென்ரிமீற்றரைத் தாண்டும், பத்து வருடத்துக்கு மேல் வாழும்.

மூன்றடி என்றால் 36 அங்குல நீளம், 15 அகலம், 15 உயரம். அதேபோல் நிரப்பினால் 115 லீற்றர், இரண்டு குண்டு மீன்களுக்கு மட்டுமட்டாகச் சரி. மேற்பரப்பு 288 சதுர அங்குலத்திலிருந்து 540க்குப் போகிறது. வேலை கூடும் என்று பயப்படுவார்கள், நடப்பது மறுபக்கம். கிழமைக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கு மாற்றினால் நாலு வாளித் தண்ணீர், அரை மணித்தியால வேலை. இரண்டடியில் இரண்டு மீன் வைத்தவர் கிழமையில் இரண்டு தரம் பாதித் தண்ணீரை மாற்றினாலும் மூன்றாம் நாள் கலங்கிப்போயிருக்கும். எதுவானாலும் பைப் தண்ணீரின் குளோரினை முறிக்காமல் ஊற்றாதீர்கள். பில்டர் பஞ்சைப் பைப்பில் பிடித்துக் கழுவவும் வேண்டாம். அமோனியாவைத் தின்னும் பக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசினால் போதும்.

கரண்ட் போனாலும் பெரிய தொட்டிக்குத்தான் தாக்குப்பிடிப்பு அதிகம். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தில் மீன் வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பற்றரியில் ஓடும் சின்ன எயார் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

மூன்றடியின் உண்மையான குறை பாரம். தண்ணீர், கண்ணாடி, மணல் எல்லாம் சேர்ந்தால் 150 கிலோவுக்குக் குறையாது. புத்தக அலுமாரிக்கு மேல் ஏற்றுகிற சாமான் அல்ல. கடற்கரைப் பக்க மாடிகளில் இரும்பு ஸ்டாண்டின் பற்றவைத்த மூலைகளைத்தான் உப்புக்காற்று முதலில் அரிக்கும், பெயின்ட் பொங்கினாலே கவனியுங்கள். மேற்கு ஜன்னலில் பின்னேர வெயில் நேரே விழும் இடமும் கூடாது.

கொமட் மாதிரி நீளவால் கோல்ட்பிஷ் வகை இந்தப் போட்டியிலேயே சேராது. ஓரடி வரை வளர்ந்து வேகமாக ஓடுகிற மீனுக்கு நாலடிக் கண்ணாடியும் நெருக்கடிதான். தெஹிவளை, வத்தளைப் பக்கம் முற்றம் உள்ளவர்கள் அகலமான பைபர் தொட்டியோ சீமெந்துத் தொட்டியோ நிழலில் வைக்கலாம். புதுச் சீமெந்து தண்ணீரில் காரத்தைக் கூட்டும், சில கிழமை ஊறவைத்துப் பலமுறை மாற்றிய பிறகே மீன் விட வேண்டும். நுளம்புக் குடம்பிகளை மீனே தின்றுவிடும். காகம், கொக்கு, கால்வாய்ப் பக்கமென்றால் கபரகொய்யா, எல்லாவற்றுக்கும் சேர்த்து மேலே வலை. விளிம்புக்குக் கீழே ஒரு துளையிட்டு அதற்கும் வலைத்துண்டு கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு பெருமழையில் தொட்டி நிரம்பி மீன் வாய்க்காலோடு போய்விடும்.