பாளையங்கோட்டையில் மகளின் அமெரிக்க வரிக்கணக்கு

எஃப்-1 விசாவில் அமெரிக்காவில் படிக்கும் என் மகள் கோடைக்காலப் பயிற்சி வேலையில் ஈட்டிய ஊதியத்துக்கு வரிக்கணக்கு தாக்கல் செய்ய, பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் உள்ள ஓர் ஆலோசகரை நாடினோம். அவளுடைய ஆண்டு ஊதியத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் டபிள்யூ-2 படிவத்தின் நான்காம், ஆறாம் கட்டங்களில் விரலை வைத்து, சமூகப் பாதுகாப்புக்கும் (அரசு ஓய்வூதியத் திட்டம்) மெடிகேருக்குமாக (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) 7.65 சதவீதம் பிடித்திருப்பது தவறு என்றும், பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு அந்தப் பிடித்தம் இத்தகைய மாணவருக்குப் பொருந்தாது என்றும், முதலில் வேலை தந்த நிறுவனத்திடமே திருப்பிக் கேட்டுவிட்டு, கிடைக்காவிட்டால் அமெரிக்க வரித் துறைக்கு, பணத்தைத் திரும்பக் கோரும் 843 படிவம் அனுப்பலாம் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். வருமான வரி மட்டும் உண்டு, அதற்கு, வரி நோக்கில் அமெரிக்காவில் வசிக்காதவராகக் கருதப்படும் வெளிநாட்டவருக்கான 1040-என்.ஆர். படிவம். அதில் இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி இந்திய மாணவருக்குக் கிடைக்கும் நிலையான கழிவையும் அவர் மறவாமல் சேர்த்தது எனக்குப் பெரிய நிம்மதி. ஏப்ரல் 15 கெடு நெருங்கும் நாள்களில் தொலைபேசியை எடுக்காததுதான் குறை. பிப்ரவரியிலேயே நேரில் சென்றுவிடுங்கள்.