8 அங்குல ஃபிளாப்பி டிரைவ் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: 640 டாலர் ஏமாந்தேன்

நேற்று இரவுதான் நான் டிரைவ் வாங்கிய ஏலத் தளத்திலிருந்து கடைசிப் பதில் வந்தது. "புகாருக்கான காலக்கெடு முடிந்துவிட்டதால் இதில் மேற்கொண்டு எதுவும் செய்ய இயலாது." அவ்வளவுதான். என் 640 டாலர் போயே போய்விட்டது. இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பழைய மினிகம்ப்யூட்டருக்கு ஃபிளாப்பி டிரைவ் தேடிக்கொண்டிருக்கும் ஒருவராவது தப்பித்தால் போதும். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது டெக் (DEC) நிறுவனத்தின் பிடிபி-11/23 மினிகம்ப்யூட்டர். 1979-ல் வந்த மாடல். எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவர், ஆய்வகத்தைக் காலி செய்தபோது அது காயலான் கடைக்குப் போகாமல் காப்பாற்றி வைத்திருந்து என்னிடம் கொடுத்தார். கூடவே ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே 43 ஃபிளாப்பிகள், எல்லாமே 8 அங்குலம். ஒவ்வொரு உறையிலும் அவர் கையெழுத்தில் தேதியும் பரிசோதனை எண்ணும். பவர் சப்ளையைப் பழுது பார்த்து, டெர்மினலில் முதன்முறையாக '@' குறி (கட்டளைக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம்) வந்த அன்று அவருக்குப் போன் செய்தேன். "அந்த டிஸ்க்கையெல்லாம் படிக்க முடியுமா பாருப்பா" என்று மட்டும் கேட்டார்.

அதைப் படிக்க ஏதோ ஒரு 8 அங்குல டிரைவ் போதாது. அவை டெக்கின் ஆர்எக்ஸ்02 என்ற டிரைவில், அதற்கே உரிய இரட்டை அடர்த்தியில் எழுதியவை. 77 டிராக் (வட்டப் பாதை), டிராக்குக்கு 26 செக்டார் (அதன் துண்டு), செக்டாருக்கு 256 பைட், மொத்தம் 5,12,512 பைட். செக்டாரின் எண்ணைச் சொல்லும் தலைப்பு எஃப்எம் என்ற பதிவு முறையிலும், தரவு மட்டும் அதைவிட அடர்த்தியான எம்எஃப்எம் முறையின் மாற்றியமைத்த வடிவிலும் இருக்கும். சாதாரண ஃபிளாப்பி கன்ட்ரோலர் சிப்புக்கு இந்தக் கலப்பு புரியாது. ஆகவே ஆர்எக்ஸ்02 பெட்டியையே வாங்குவது என்று முடிவு செய்தேன்.

பழைய மின்னணுப் பொருள்களை ஏலம் விடும் ஒரு தளத்தில் ஏழெட்டு மாதமாகத் தேடினேன். ஒரு நாள் கண்ணில் பட்டது: "ஆர்எக்ஸ்02 இரட்டை டிரைவ், ஆர்எக்ஸ்வி21 கார்டு, கேபிளுடன். சோதித்தது, நன்றாக வேலை செய்கிறது." ஆர்எக்ஸ்வி21 என்பது டிரைவை இயக்கக் கம்ப்யூட்டருக்குள் செருகும் கார்டு. விலை 560 டாலர். கூடவே ஒரு படம்: முன்னால் டிரைவ், பின்னால் டெர்மினலில் ஆர்டி-11 (பிடிபி-11-இன் இயங்குதளம்) காட்டும் கோப்புப் பட்டியல். கேள்வி கேட்டு எழுதினேன். என் பெயரைப் பார்த்துவிட்டு விற்பவரே போன் செய்தார். தமிழர். அங்கேதான் விழுந்தேன்.

"தம்பி, நானே பிடிபி-11ல வேலை பார்த்தவன். கேபிளைச் சொருகுங்க, ஓடும்" என்றார். என் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அவருடையது 60 என்பதால் புல்லியைப் பற்றிக் கேட்டேன். இந்த டிரைவ்களின் மோட்டார் நேராக ஏசி மின்சாரத்தில் ஓடுவது, அதிர்வெண் மாறினால் வேகமும் மாறும், அதைச் சரிக்கட்ட மோட்டாரில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியை மாற்ற வேண்டும். "மாத்தியாச்சு தம்பி, பெல்ட்டும் புதுசு" என்றார். அரை மணி நேரம் பேசினோம். பேராசிரியரின் டிஸ்க்குகளைப் பற்றிச் சொன்னபோது "இதெல்லாம் புண்ணியம்" என்றார். போனை வைத்த கையோடு பணத்தைக் கட்டினேன்.

பெட்டி வந்தது. கார்டைக் கம்ப்யூட்டரின் கியூ-பஸ் ஸ்லாட்டில் செருகி, 40 பின் கேபிளைப் பெட்டிக்குப் பின்னால் விட்டுப் பார்த்தால், சொருகும் இடமே இல்லை. மூடியைத் திறந்தேன். ஆர்எக்ஸ்02-இல் டிரைவ்களுக்கு மேலே இரண்டு பெரிய போர்டுகள் இருக்க வேண்டும், எம்7744-ம் எம்7745-ம். பெட்டியின் மூளையே அவைதான். கம்ப்யூட்டரில் இருக்கும் கார்டு "இந்தச் செக்டாரைப் படி" என்று கட்டளை மட்டும்தான் கொடுக்கும். தலையை நகர்த்துவது, துடிப்புகளைப் பைட்டாக்குவது எல்லாம் அந்தப் போர்டுகளின் வேலை. அந்த இடம் காலி. நான்கு திருகுத் துளை, வெட்டிய ஒரு வயர்க் கற்றை, பல வருடத் தூசிக்கு நடுவே போர்டு இருந்த அளவுக்குச் சுத்தமான ஒரு செவ்வகம். சமீபத்தில் கழற்றியிருக்கிறார்கள்.

அன்றே போன் செய்தேன். "அய்யோ தம்பி, இது அந்த வகை இல்ல. இதுக்குத் தனியா ஒரு கன்வர்ட்டர் போர்டு இருக்கு, அனுப்புறேன்" என்றார். 80 டாலர். கட்டினேன். ஆக 640 டாலர். அந்தக் கன்வர்ட்டர் வந்து சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. தளத்தில் புகார் செய்ய இருப்பதே 30 நாள். இடையில் இரண்டு முறை புகார் பதியலாமா என்று யோசித்தேன். "நமக்குள்ள எதுக்குத் தம்பி அதெல்லாம்" என்றார். விட்டுவிட்டேன்.

வந்தது ஒரு சிறிய பச்சை அட்டை. ஒரு பக்கம் 40 பின், மறுபக்கம் 50 பின். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சிப் கூட இல்லை. இந்தப் பின்னிலிருந்து அந்தப் பின்னுக்குச் செப்புக்கோடு, ஓரத்தில் நான்கு மின்தடை. அவ்வளவுதான். இரண்டு போர்டு நிறைய மின்னணுவியல் செய்யும் வேலையை வெறும் செப்புக்கோடு எப்படிச் செய்யும்? இருந்தாலும் மாட்டினேன். '@' குறியில், கார்டின் நிலையைக் காட்டும் 177170 முகவரியைத் திறந்து பார்த்தேன். கார்டு பதில் சொல்கிறது, ஆனால் டிரைவ் தயாராக இருந்தால் எழ வேண்டிய 'டன்' (done, முடிந்தது) பிட் எழவே இல்லை. பத்து முறை, இருபது முறை பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பதில்கள். முதலில் "கேபிளைத் திருப்பிச் சொருகியிருப்பீங்க". பிறகு "கார்டுகளுக்கு நடுவுல காலி ஸ்லாட் இருக்கும், கிரான்ட் போகாது". கிரான்ட் என்பது கார்டிலிருந்து கார்டுக்குப் போகும் அனுமதிச் சிக்னல். என் கார்டுகள் இடைவெளி இல்லாமல்தான் இருக்கின்றன, படம் எடுத்து அனுப்பினேன். "பார்சல்ல அடிபட்டிருக்கும்." பிறகு "வெளியூர்ல இருக்கேன்". பிறகு போனே எடுக்கவில்லை. 31-ஆம் நாள் ஒரு செய்தி: "உள்ளது உள்ளபடி விற்றது, திரும்ப எடுக்க இயலாது." அந்தச் செய்தியில் தம்பியும் இல்லை, நமக்குள்ளேயும் இல்லை.

தளத்தில் புகார் கொடுத்தால், "விற்பனையாளருடன் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று மூன்று முறை ஒரே வாசகம். கன்வர்ட்டருக்குத் தனியாகக் கட்டிய 80 டாலரைப் பற்றிக் கேட்டால் அது தளத்துக்கு வெளியே நடந்த பரிவர்த்தனையாம். 560-ம் போயிற்று, 80-ம் போயிற்று.

சரி, போர்டு கிடைத்தால் பிறகு மாட்டிக்கொள்ளலாம், மோட்டாராவது ஓடுகிறதா என்று ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினேன். சுழல்தண்டில் ஒரு கோடு போட்டு ஸ்ட்ரோப் விளக்கில் பார்த்தால் நிமிடத்துக்கு 300 சுற்று. 360 இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், அதிர்வெண்ணை மாற்றாது. புல்லியை அவர் மாற்றவே இல்லை. அதுவும் பொய்.

விளம்பரப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். கோப்புப் பட்டியலுக்கு மேலே இருந்த கட்டளை வரியில் 'டியூ0' என்று இருக்கிறது. ஆர்டி-11-இல் ஆர்எக்ஸ்02-க்குப் பெயர் 'டிஒய்'. டியூ என்றால் வேறு வகை டிஸ்க். அந்தப் பட்டியல் இந்த டிரைவிலிருந்து வந்ததே இல்லை. முதல் நாளே என் கண் முன்னால் இருந்திருக்கிறது. அப்புறம் அவருடைய விற்பனைப் பக்கத்துக்குப் போனேன். விற்று முடிந்த பொருள்களில், எனக்குப் பெட்டியை அனுப்பிய அதே வாரத்தில், ஒரு எம்7744, ஒரு எம்7745. வயிறு எரிந்தது.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்: ஆர்எக்ஸ்02, அதற்கு முந்தைய ஆர்எக்ஸ்01 எது வாங்கினாலும் மூடியைத் திறந்து போர்டு எண் தெரிகிற படம் கேளுங்கள். டிஸ்க்கைச் சொருகுவதிலிருந்து டிஒய்0 பட்டியல் வருவது வரை வெட்டாத வீடியோ கேளுங்கள். புல்லியைத் தனியே படம் எடுக்கச் சொல்லுங்கள். வெற்று டிஸ்க் வாங்கினால் ஏற்கெனவே ஃபார்மேட் செய்ததாக இருக்கட்டும், ஆர்எக்ஸ்02 அடர்த்தியை மாற்றுமே தவிரப் புதிதாக ஃபார்மேட் செய்யாது. பணத்தைத் தளத்துக்கு வெளியே கட்டாதீர்கள். முக்கியமாக, பொருளில் குறை தெரிந்த அன்றே புகார் பதியுங்கள். எவ்வளவு அன்பாகப் பேசினாலும் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை. யாரிடமாவது எம்7744-ம் எம்7745-ம் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள், நியாயமான விலை கொடுக்கிறேன். முதலில் போர்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்.