ஆஸ்டர் படங்களில் பாறை மாற்றத்தைத் தேடியபோது: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள ஆஸ்டர் என்ற கருவி எடுக்கும் நிலப் படங்கள் 2016 ஏப்ரலில் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்ட சில மாதங்களில் நான் அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கினேன். நிலத்தின் ஆழத்திலிருந்து மேலேறிய வெந்நீர், பாறையிலுள்ள பெல்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண் கனிமங்களாகவும் அலுனைட் என்ற சல்பேட் கனிமமாகவும் மாற்றிவிட்ட இடங்களை வரைபடமாக்குவதே அன்றும் இன்றும் என் நோக்கம். இந்தக் கருவியை இன்றும் மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆயினும், அது காட்டுவது பெரும்பாலும் கனிமக் குடும்பத்தையே, தனிக் கனிமத்தை அல்ல என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

பழகுவதற்கு அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள கியூப்ரைட் பகுதியைத் தேர்ந்தெடுத்தேன். செடிகொடிகள் மிகக் குறைவான அந்தப் பாலையில், 95ஆம் எண் நெடுஞ்சாலையின் இருபுறமும் வெந்நீர் மாற்றம் நிகழ்ந்த இரு மையங்கள் உள்ளன. களத்திலும் விமானத்திலிருந்தும் பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்ட இடமாதலால், நம் வரைபடம் தவறினால் உடனே தெரிந்துவிடும்.

ஆஸ்டர் ஒளியைப் பல அலைநீளப் பட்டைகளாகப் பிரித்துப் பதிகிறது; அதன் பலம் குற்றலை (குறுகிய அலைநீள) அகச்சிவப்புப் பட்டைகளில் இருக்கிறது. ஏறத்தாழ 1.6 முதல் 2.43 மைக்ரோமீட்டர் வரை, 4 முதல் 9 வரை எண்ணிட்ட ஆறு பட்டைகள், ஒவ்வொன்றும் 30 மீட்டர் துல்லியத்தில், அதாவது படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் 30 மீட்டர். மஸ்கோவைட் என்ற வெள்ளை மைக்கா 2.2 மைக்ரோமீட்டரை ஒட்டி ஒளியை உட்கவர்வதால் 6ஆம் பட்டையில் இருள்கிறது. அலுனைட்டின் உட்கவர்வு 2.17ஐ ஒட்டி 5ஆம் பட்டையில் விழுகிறது. சுண்ணாம்புப் பாறையின் கால்சைட், பச்சைக் கனிமங்களான குளோரைட், எபிடோட் ஆகிய மூன்றின் உட்கவர்வும் 8ஆம் பட்டையில் சேர்ந்து விழுவதால், சுண்ணாம்புப் பாறையையும் வெந்நீரால் பச்சையான எரிமலைப் பாறையையும் இந்தப் பட்டையைக் கொண்டு மட்டும் பிரிக்க முடியாது. இதை ஏற்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

அதைவிடப் பெரிய பாடத்தை ஒளிக்கசிவு கற்பித்தது. 4ஆம் பட்டைக்கு உரிய ஒளியில் ஒரு பகுதி அண்டைப் பட்டைகளுக்கு, முக்கியமாக 5க்கும் 9க்கும், கசிந்துவிடுகிறது. 8ஆம் பட்டையின் உட்கவர்வைத் தெளிவாக்க, திருத்தாத படத்தில் 7, 9ஆம் பட்டைகளின் கூட்டுத்தொகையை 8ஆம் பட்டையால் வகுத்தபோது, கியூப்ரைட்டை அடுத்த ஸ்டோன்வால் வறள் ஏரியின் வெண்மையான விளிம்பையொட்டிக் குளோரைட் நிறைந்திருப்பதுபோல் ஒரு வளையம் எனக்குத் தோன்றியது. கசிவு திருத்திய தரவை எடுத்து மீண்டும் கணக்கிட்டதும் அது மறைந்தது. அதுவரை அமுங்கியிருந்த அலுனைட் பகுதிகள் தெளிவாக எழுந்து வந்தன. அதற்குப் பிறகு திருத்தாத தரவில் எந்த விகிதத்தையும் நான் கணக்கிடுவதில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆஸ்டரின் குற்றலை உணரியின் வெப்பம் உயர்ந்ததால் 2008 ஏப்ரலுக்குப் பிறகான குற்றலைத் தரவு பயன்படாது. எனவே 2000க்கும் 2007க்கும் இடைப்பட்ட, மேகமற்ற வறட்சிக் காலப் படத்தையே தேடுங்கள். வெப்ப அகச்சிவப்பின் ஐந்து பட்டைகள் 90 மீட்டர் துல்லியமே உடையன என்றாலும், குற்றலையில் தெளிவான தடயம் விடாத குவார்ட்ஸைக் காண எனக்கு அவையே உதவின.

ஊரருகே, சேலத்தில் வெள்ளைக்கல் என்று வழங்கும் மேக்னசைட்டின் மீதும் இதை முயன்றேன். அதன் உட்கவர்வு 2.3 மைக்ரோமீட்டரை ஒட்டியிருப்பதால், 8ஆம் பட்டையில் திறந்த சுரங்கக் குழிகள் நன்றாகவே தெரிந்தன. புதர் மூடிய சரிவுகளில் பாறையைப் பற்றி எதுவும் சொல்ல முடியவில்லை. மாற்றமடைந்த பாறை வெயிலில் வெறுமையாகக் கிடந்தாலொழிய இந்த முறைக்கு வேலை இல்லை.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2022 முதல் இயங்கும் எமிட் என்ற படக்கருவி 285 பட்டைகளைத் தருவதால், கயோலினைட் என்ற களிமண் கனிமமா அலுனைட்டா என்ற ஐயம் எழும் இடங்களில் அதன் படம் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஆனால் அதன் துல்லியம் 60 மீட்டர். சிறு மாற்ற வளையங்களின் எல்லையை வரைய இன்றும் ஆஸ்டரையே திறக்கிறேன், வரைந்த பிறகு சுத்தியலுடன் அந்த இடத்துக்கே போகிறேன்.