18,500 ரூபா போச்சு: ஆல்கோ ரயில் இன்ஜின் மாடல் ஆர்டர் பண்ணப் போறவங்க தயவுசெஞ்சு படிங்க

முந்தாநேத்து சாயங்காலம்தான் பார்சல் வந்துச்சு. இன்னும் கோவம் அடங்கல, அந்தக் கோவத்துலயே டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 18,500 ரூபா. லாட்டரில விட்ட காசு இல்லீங்க, ஒன்றரை வருஷமா மாசம் ஆயிரம் ஆயிரம்னு தனியா எடுத்து வச்சது, வீட்டுல கேட்டப்ப எல்லாம் ஏதோ ஒண்ணு சொல்லி சமாளிச்சு வச்ச காசு. யாரும் என்னை மாதிரி ஏமாறக் கூடாது, காசு குடுக்குறதுக்கு முன்னாடி என்னென்ன செக் பண்ணணும்னு கடைசில விவரமா சொல்றேன்.

நமக்கு ஊரு ஈரோடு. அப்பா டீசல் ஷெட்ல, அதாவது ரயில் இன்ஜின் பராமரிக்கிற இடத்துல, ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. சின்ன வயசுல இருந்து டபிள்யூடிஎம்-2 இன்ஜின் சத்தம் கேட்டு வளந்த ஆளு நான். 2600 குதிரைத்திறன், பதினாறு சிலிண்டர், ஐடில்ல நிக்கும்போது ஒரு சத்தம் வரும் பாருங்க, கேட்டவங்களுக்குத்தான் தெரியும். 1962ல அமெரிக்கால இருந்து ஆல்கோ கம்பெனி இன்ஜினா வந்துச்சு, 1964ல இருந்து வாரணாசிலயே கட்ட ஆரம்பிச்சாங்க, நம்ம தலைமுறைக்கு டீசல் இன்ஜின்னாலே அதுதான். அதை ஹெச்ஓ ஸ்கேல்ல, அதாவது 1:87ல (நிஜ சைஸ்ல 87ல ஒரு பங்கு), ஷோகேஸ்ல வைக்கிற பொம்மை மாதிரி இல்லாம நிஜமா ஓடுற மாதிரி ஒண்ணு வச்சிக்கணும்னு பத்து வருஷ ஆசை.

இந்த ஹாபில இருக்கவங்களுக்குத் தெரியும், நம்ம ஊரு இன்ஜினுக்கு ரெடிமேட் மாடல் ஈஸியா கிடைக்காது. அமெரிக்க ஆல்கோ ஆர்எஸ்டி வகை மாடல் ஒண்ணைப் புடிச்சு, மோட்டார் சேஸிஸ மட்டும் வச்சிக்கிட்டு, மேல பாடிய 3டி ப்ரிண்ட்லயோ பிளாஸ்டிக் ஷீட்லயோ நாமளே செஞ்சு மாட்டுவாங்க. ஏன் குறிப்பா ஆர்எஸ்டின்னா, அதோட போகியும் நம்மாளோட போகியும் ஒரே குடும்பம். (போகின்னா பொட்டின்னு நினைச்சுக்காதீங்க, சக்கரம் மாட்டியிருக்கிற ஃப்ரேம சொல்றேன்.) ட்ரைமவுண்ட்னு பேரு. மூணு ஆக்சில், ஆனா நடு ஆக்சில் சரியா நடுவுல இருக்காது, மோட்டார் உக்கார இடம் விட்டு ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கும். இதை ஞாபகம் வச்சிக்கோங்க, பின்னாடி வருது.

நான் இதுக்கு முன்னாடி பிளாஸ்டிக் ஷீட் வெட்டி ரெண்டு சரக்கு வேகன் செஞ்சிருக்கேன், ஓரளவு கை வரும். ஆனா இன்ஜின் பாடின்னா அந்த லாங் ஹுட் (டிரைவர் கேபினுக்கு ஒரு பக்கம் நீளமா இருக்கிற மூடி) பக்கவாட்டு கதவு எல்லாம், காத்து போற லூவர் பட்டை எல்லாம், கூரைல அந்த ஒத்தப் பெரிய ரேடியேட்டர் ஃபேன், இதெல்லாம் என்னால முடியாதுன்னு தோணுச்சு. அப்பதான் போட்டோ போடுற ஆப் ஒண்ணுல இந்தப் பேஜ் கண்ணுல பட்டுச்சு. நம்ம நாட்டு ரயில் மாடல் ஆர்டர் எடுத்து செஞ்சு தர்ற பேஜ். பேர் சொல்ல மாட்டேன், நாளைக்குக் கேஸ் கீஸ்னு போனா தொல்லை. போட்டோ எல்லாம் பாத்தா வாய்ல தண்ணி ஊறும்ங்க. ஹேண்ட்ரெயில் எல்லாம் தலைமுடி மாதிரி மெல்லிசா பித்தளைக் கம்பில, புகைபோக்கி சுத்தி கரி, டீசல் டேங்க் பக்கவாட்டுல எண்ணெய் வழிஞ்ச கறை, அடில எல்லாம் செம்மண் தூசி.

மெசேஜ் போட்டேன். பத்தே நிமிஷத்துல ரிப்ளை. அந்த ஆளு என்ன கேட்டான்னு நினைக்கிறீங்க? விலை பேசல, அட்வான்ஸ் பேசல. "ப்ரோ, சாதா டூவா, ஜம்போவா?" ன்னு கேட்டான். அவ்வளவுதான், நான் விழுந்துட்டேன். ஏன்னா டூன்னா டபிள்யூடிஎம்-2, அதுலயே ஜம்போன்னா கேபினுக்கு இன்னொரு பக்கம் இருக்கிற ஷார்ட் ஹுட்ட தாழ்த்தி, டிரைவர் ஜன்னல பெருசாக்கி விட்ட டைப், அது நம்ம மாதிரி கிறுக்கனுங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் "எந்த ஷெட் பெயின்ட்? ஈரோடா? அப்பா ஷெட்ல இருந்தாரா? அப்ப உங்களுக்கு ஸ்பெஷலா பண்ணணும் ப்ரோ"ன்னு வாய்ஸ் மெசேஜ். நல்ல தமிழ், நம்ம பக்கத்துப் பேச்சு. அந்த வாய்ஸ் மெசேஜ இப்ப எத்தனை தடவ திருப்பித் திருப்பிக் கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியல. அப்பாவப் பத்தி அவன் ஒண்ணும் கண்டுபிடிச்சு சொல்லல, நானே ரெண்டு மெசேஜுக்கு முன்னாடி உளறி வச்சதுதான், அதையே எனக்குத் திருப்பிக் குடுத்திருக்கான். எனக்கு அப்ப உறைக்கல.

மொத்தம் 18,500. பத்தாயிரம் அட்வான்ஸ், அனுப்புறதுக்கு முன்னாடி 8,500. ட்ரைமவுண்ட் போகி, ரெண்டு போகிலயும் மோட்டார் டிரைவ், டிசிசி ரெடி (டிஜிட்டல்ல கன்ட்ரோல் பண்ற வசதிக்கு எட்டு பின் சாக்கெட், அப்புறமா சவுண்ட் டீகோடர் வாங்கி சொருகிக்கலாம்), பித்தளை ஹேண்ட்ரெயில், முன்ன பின்ன லைட். எட்டு வாரம்னான். கம்பெனி அக்கவுண்ட் இல்லையான்னு கேட்டேன், "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் ப்ரோ மூவாயிரம் ஏறும், ஹாபிக்காரங்களுக்குள்ள என்ன"ன்னான். ஒரு தனியாள் யூபிஐ நம்பர். பேஜ்ல இருக்கிற பேரும் யூபிஐல வந்த பேரும் வேற வேற. அனுப்பும்போது திரைல பெருசா காட்டுச்சு அந்தப் பேரை, நானும் பாத்தேன், பாத்துட்டே அமுக்குனேன்.

மூணாவது வாரம் ஒரு போட்டோ வந்துச்சு, பச்சை கட்டிங் மேட் மேல போகி ஃப்ரேம், பக்கத்துல சால்டரிங் அயர்ன். அதை அப்பாகிட்ட காட்டி பெருமை அடிச்சேன். அப்புறம் ஆரம்பிச்சது. எட்டு வாரம் பன்னெண்டாச்சு. ப்ரிண்டர் பெட் போச்சு ப்ரோ. மழை, கரண்ட் இல்ல ப்ரோ, ரெசின் (3டி ப்ரிண்ட் போடுற திரவம்) வீணாப்போச்சு. மாமா தவறிட்டாரு ப்ரோ. (இது உண்மையா இருந்தா மன்னிச்சிரு சாமி, ஆனா ரெண்டு மாசத்துல ரெண்டு தடவ மாமா தவறினாரு.) போன் பண்ணா எடுக்கறதில்ல, மெசேஜுக்கு மட்டும் மூணு நாள் கழிச்சு ஒரு கும்பிடு எமோஜி. நான் கொஞ்சம் காரமா கேட்டதும் "நீங்க ஆர்ட்ட மதிக்கத் தெரியாத ஆளு ப்ரோ, இது ஃபேக்டரி ஐட்டம் இல்ல"ன்னு எனக்கே பாடம். கேட்டதுக்கு நானே ஸாரி சொன்னேன்! அதுதான் இப்ப நினைச்சா வயிறு எரியுது.

பதினெட்டாவது வாரம் "ரெடி ப்ரோ, பேலன்ஸ் போடுங்க." வீடியோ அனுப்புங்க, ஓடறத பாக்கணும்னேன். எட்டு செகண்ட் வீடியோ ஒண்ணு வந்துச்சு, இருட்டுல, ஒரு லைட் எரியுது, ஏதோ நகருது. சரின்னு 8,500 போட்டேன். மொத்தம் 18,500 போயாச்சு.

இப்ப பார்சலுக்கு வர்றேன். செருப்பு டப்பா. உள்ள கிழிச்ச பேப்பர். எடுத்ததும் ஒரு நாத்தம், பிசுபிசுன்னு கைல ஒட்டுது. ரெசின் ப்ரிண்ட் எடுத்தா ஆல்கஹால்ல கழுவி யூவி லைட்ல காய வைக்கணும், அதைக்கூட ஒழுங்கா பண்ணாம அதுக்கு மேலயே பெயின்ட் அடிச்சிருக்கான். ப்ரிண்ட் லேயர் கோடு ஒவ்வொண்ணும் தெரியுது, வெங்காயத்த நறுக்கி வச்ச மாதிரி. ஒரு மணல் காகிதம் தொட்ட அடையாளம் இல்ல. ஹேண்ட்ரெயில் பித்தளை இல்ல, பாடியோடவே சேத்து ப்ரிண்ட் பண்ண குச்சி, நெசத்துல அந்த சைஸ் கம்பி இருந்தா டிரைவர் ரெண்டு கையால கட்டிப் புடிச்சுத்தான் ஏறணும். அதுலயும் நாலு ஒடஞ்சு டப்பால கிடக்குது.

வெர்னியர் எடுத்து அளந்தேன். நிஜ இன்ஜின் பஃபர்ல இருந்து பஃபர் வரைக்கும் 17.12 மீட்டர். 87ஆல வகுத்தா 197 மில்லிமீட்டர் சுமார் வரணும். இது 178. கணக்குப் போட்டா 1:96 வருது. ரயில் மாடல்ல அப்படி ஒரு ஸ்கேல் வழக்கத்துலயே இல்ல. ஏன் இந்த சைஸ்னு அடில திருப்பிப் பாத்தா புரிஞ்சுது, கைல கிடைச்ச சேஸிஸுக்கு ஏத்த மாதிரி பாடிய சுருக்கி ப்ரிண்ட் போட்டிருக்கான். சட்டைக்குத் தகுந்த மாதிரி ஆளை வெட்டுன கதை.

சேஸிஸ் என்ன சேஸிஸ்? குழந்தைங்க ட்ரெயின் செட்ல வர்றது. ஒரு போகில மட்டும் மோட்டார், இன்னொண்ணு சும்மா உருளுது. டிசிசி ரெடின்னானே, ஸ்க்ரூ கழட்டினேன், சாக்கெட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, ரெண்டு ஒயர் நேரா மோட்டாருக்குப் போகுது, அதுல இருந்தே ஒரு பல்புக்கு இழுத்து டேப் சுத்தியிருக்கான். ட்ராக்ல வச்சு 12 வோல்ட் குடுத்தேன், ஒரு அடி போச்சு, நின்னுச்சு, ரெசின் நாத்தத்தோட இப்ப ஒயர் தீயற நாத்தமும் சேந்துச்சு. ஆஃப் பண்ணிட்டேன்.

அப்பா பின்னாடி நின்னு பாத்துட்டே இருந்தாரு. நான் ஒண்ணும் சொல்லல. அவரே எடுத்தாரு, கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு சக்கரத்த மட்டும் பாத்தாரு. சுண்டு விரல வச்சு முதல் ஆக்சிலுக்கும் நடு ஆக்சிலுக்கும் நடுவுல வச்சாரு, அப்புறம் நடுவுல இருந்து மூணாவதுக்கு வச்சாரு. "ஏன்டா, ரெண்டும் ஒரே எடவெளியா இருக்குது. இது ஆல்கோவே இல்லீடா, மோட்டாரை எங்க உக்கார வெப்ப?" ன்னு கேட்டுட்டு மேசை மேல வச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. எவ்வளவு ரூபான்னு கேக்கல. கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன்.

பாருங்க, எதுவும் நூறு சதவீதம் சரியா இருக்கணும்னு நான் கேக்கல. நம்ம அகலப்பாதை 1676 மில்லி, 87ல வகுத்தா பத்தொம்பது மில்லிக்கு மேல வரும், ஹெச்ஓ ட்ராக் 16.5 மில்லிதான். அதனால எந்த மாடலா இருந்தாலும் அடில கால் குறுகித்தான் நிக்கும், அது எல்லாரும் தெரிஞ்சு ஒத்துக்கிட்ட விஷயம். அந்த ஆளு பேஜ்ல "பக்கா பிராட்கேஜ் ஸ்கேல்"னு போட்டிருந்தான், அப்பவே நான் யோசிச்சிருக்கணும்.

நேத்து ராத்திரி தூக்கம் வராம அந்த கட்டிங் மேட் போட்டோவ பெருசாக்கிப் பாத்தேன். மேட்ல கட்டம் எல்லாம் இன்ச்ல இருக்குது. சால்டரிங் அயர்ன் ஒயர் போற ஓரத்துல பிளக் தெரியுது, தட்டையா ரெண்டு பின், நம்ம ஊரு உருண்டை பின் இல்ல. போட்டோவ தேடுற வசதில போட்டுப் பாத்தேன், வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் அவரோட சொந்த ஆர்எஸ்டிய பிரிச்சு பெயின்ட் பண்ண படம். ஓரத்த வெட்டிட்டு எனக்கு அனுப்பியிருக்கான். பேஜ்ல இருந்த மத்த படத்துலயும் மூணு அதே கதைதான். அதைத்தான் நான் அப்பாகிட்ட காட்டி பெருமை அடிச்சது.

மெசேஜ் போட்டேன், போட்டோ ஒவ்வொண்ணா போட்டு காட்டினேன். முதல்ல "கூரியர்ல டேமேஜ் ஆயிருக்கும் ப்ரோ." கூரியர்காரன் நடு ஆக்சில நகத்தினானாடா? அப்புறம் "ஹேண்ட்மேட் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் இல்ல, பேஜ்ல போட்டிருக்கு." போய்ப் பாத்தா அந்த வரிய அன்னைக்குத்தான் போட்டிருக்கான். 18,500 திருப்பிக் குடுன்னேன். நீல டிக் வந்துச்சு. இன்னைக்குக் காலைல ப்ரொஃபைல் படம் காணோம், பேஜும் எனக்கு மட்டும் தெரிய மாட்டேங்குது, தங்கச்சி போன்ல பாத்தா ஜம்முனு ஓடுது, புதுசா ஒரு ஜம்போ படம் வேற போட்டிருக்கான், கீழ ஆறு பேரு விலை என்னன்னு கேட்டிருக்காங்க. அந்த ஆறு பேருக்காகத்தான் இதை எழுதறேன். கம்ப்ளைன்ட் குடுக்கப் போன இடத்துல "பொருள் வந்துருச்சுல்ல தம்பி, அப்புறம் என்ன"ன்னாங்க. என்ன சொல்றது.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், மணி பன்னெண்டே கால், காலைல ஷிஃப்ட் இருக்குது. அதனால சுருக்கமா: உங்க பேரையும் அன்னைக்குத் தேதியையும் ஒரு துண்டுச்சீட்டுல எழுதி மாடல் பக்கத்துல வச்சு போட்டோ கேளுங்க, குடுக்கலன்னா விட்டுருங்க. கீழ் பக்கத்து போட்டோ, ஸ்கேல் வச்சு நீள போட்டோ கேளுங்க. யூபிஐல வேற பேரு வந்தா அங்கயே நிறுத்துங்க. காசு போன உடனே 1930க்கு, சைபர் மோசடி ஹெல்ப்லைனுக்கு, அடிக்கணும், என்னை மாதிரி நாலு மாசம் மாமா தவறினதுக்கு அனுதாபம் சொல்லிட்டு உக்காந்திருக்காதீங்க. பொருளே மோசம்னா 1915, கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், நாளைக்கு நான் அதுக்குத்தான் கூப்பிடப் போறேன். சாட்ட எல்லாம் முன்னாடியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிக்கோங்க.

பாடிய ஆல்கஹால்ல கழுவி இன்னைக்கு ஃபுல்லா மொட்டை மாடி வெயில்ல வச்சேன், யூவில கொஞ்சமாச்சும் காயும்னு. இப்ப போய்த் தொட்டுப் பாத்தேன். இன்னும் பிசுபிசுங்குது.